வாசலிற் சொன்ன சொல்

கலியாண வீடொன்றிலே சமையலுக்குப் பொறுப்பானவர் முதலிற் கேட்கும் கேள்வி, எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பதாகும். அதற்குரிய விடையை வீட்டுக்காரர் ஒருவரே அறிவார். அவர் வாசலில் நின்று ஒரு தொகையைச் சொல்கிறார். அத்தொகை அரிசி அளப்பவருக்கும், காய்கறி நறுக்குபவருக்கும், பந்தியில் இலை போடுபவருக்கும் மாறாமற் சென்றடைய வேண்டும். இடையில் ஒருவர் நேற்றைய தொகையையே மனத்திற் கொண்டு வேலைசெய்தால் அப்பொழுது சத்தம் ஏதும் எழாது. எல்லோரும் சுறுசுறுப்பாகவே இயங்குவர். பந்தி பாதியில் இருக்கும்போதுதான் சோறு போதாமை தெரியவரும்.

கணினி நிரல்களுக்கும் இத்தகைய இடர் உண்டு என்பதை இறுதியாண்டு மாணவன் ஒருவன் தனது ஆய்வுக்கட்டுரை முற்றுப்பெறும் தறுவாயிலே கற்றுக்கொண்டான். அவன் கற்ற விதம் இனிமையானதன்று. எனினும், கணினியை ஆய்வுக் கருவியாகக் கொள்ளும் எத்துறை மாணவருக்கும் அவனது அனுபவம் பயன்படக்கூடியது.

அவனது ஆய்வு மழையைப் பற்றியது. உலர்வலயத்து வானிலை நிலையமொன்றின் முப்பது ஆண்டு நாளாந்த மழைப்பதிவுகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டிலும் மழையின்றித் தொடர்ச்சியாகக் கழிந்த நாட்களின் மிக நீண்ட தொடரை அவன் கணித்தான். அத்தொடர் காலப்போக்கில் நீண்டு செல்கின்றதா என்பதே அவன் எழுப்பிய வினா. குளத்தையும் வானத்தையும் நம்பி விதைப்பவருக்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. விதைப்புக்குப் பின் மழை எத்தனை நாள் பொய்க்கும் என்பதிலேயே அவர்களது ஆண்டு முழுவதும் தங்கியிருக்கின்றது.

இவ்வினாவின் உள்ளே மற்றொரு வினா ஒளிந்திருந்தது. மழையில்லா நாள் என்பது யாது? நாலு துளி விழுந்த நாளும் மழைநாளா? காலநிலைச் சுட்டிகளைக் கணிப்போர் 1 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்த நாளை வறள்நாளாகக் கொள்வர். இந்திய வானிலைத் திணைக்களமோ 2.5 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட மழை பெய்த நாளையே மழைநாளாக எண்ணுகின்றது. எல்லை மாறினால் முடிவும் மாறக்கூடும். ஆகவே 1, 2.5, 5 என்னும் மூன்று எல்லைகளிலும் கணிப்பைச் செய்து பார்ப்பதென அவன் தீர்மானித்தான். தீர்மானம் சரியானதே. மூன்று முறை நிரலைத் திருத்துவதிலும், எல்லையை ஒவ்வொரு முறையும் கட்டளை வரியிலேயே கொடுப்பது மேலென அவன் எண்ணியதும் சரியானதே.

கட்டளை வரியில் நிரலின் பெயரைத் தொடர்ந்து எழுதப்படும் சொற்கள் நிரலைச் சென்றடையும் முறை பழையது. யுனிக்ஸ் இயங்குதளத்திலே வேரூன்றிய அம்முறையை, பிரயன் கேணிகனும் டெனிஸ் றிச்சியும் 1978 இல் வெளியிட்ட சி மொழி நூலிற் காணலாம். சி மொழி நிரலின் தலைமைச் சார்பு ஆர்க்சி, ஆர்க்வி என இரண்டைப் பெற்றுக்கொள்ளும். முன்னது சொற்களின் எண்ணிக்கை. பின்னது அச்சொற்களின் வரிசை. கைடோ வான் ரொசம் ஆம்ஸ்ரடாம் நகரத்து ஆய்வு நிலையமொன்றிற் பணியாற்றிய காலத்தில் உருவாக்கி 1991 இல் வெளியிட்ட பைதன் மொழி அவ்வரிசையைத் தன் சிஸ் என்னும் மொடியூலில் ஆர்க்வி என்ற அதே பெயரில் வைத்திருக்கின்றது. அவ்வரிசையின் முதலிடத்தில் நிரலின் பெயர் நிற்கும். கொடுத்த சொற்கள் அதன்பின் வரும். அவை யாவும் எழுத்துக் கோவைகளேயன்றி எண்களல்ல. 2.5 என்று எழுதினாலும் அது எண்ணாக மாற்றப்படும்வரை மூன்று குறிகளின் கோவையே. இம்மாற்றத்தையும் சரிபார்ப்பையும் செய்துதருவதற்கெனவே ஆர்க்பார்ஸ் என்னும் மொடியூல் 2010 இல் பைதன் 2.7 உடனும், 2011 இல் பைதன் 3.2 உடனும் சேர்க்கப்பட்டது.

இதுவரை சிக்கல் எதுவுமில்லை. அம்மாணவனின் நிரல் ஒரே கோப்பாக இருந்திருந்தால் மேற்கொண்டும் சிக்கல் எழுந்திராது. ஆனால் அவன் நல்ல மாணவன். பதிவுகளை வாசிப்பது ஒரு மொடியூல், நாட்களை எண்ணுவது மற்றொன்று, வரைபடம் வரைவது இன்னொன்று, இவற்றை இயக்கும் தலைமைக் கோப்பு வேறொன்று என நிரலைப் பிரித்து எழுதியிருந்தான். எல்லையைப் பற்றிய சொல் தலைமைக் கோப்பின் வாசலில் வந்து நிற்கிறது. அது தேவைப்படுவதோ உள்ளே, எண்ணும் மொடியூலில். அதனை அங்கே கொண்டுசேர்ப்பது எவ்வாறு?

அவனுக்கு முதலிலே தோன்றிய வழி, எண்ணும் மொடியூலும் தானே சிஸ் மொடியூலைத் திறந்து கட்டளை வரியை வாசித்துக்கொள்வது. அதனை அவன் கைவிட்டான். ஒவ்வொரு மொடியூலும் தனித்தனியே வாசலுக்குச் சென்று விசாரித்தால், ஒருவர் விளங்கிக்கொண்டது போல மற்றவர் விளங்கிக்கொள்வார் என்பதற்கு உறுதியில்லை. அன்றியும், அதே மொடியூலை நாளை வேறொரு நிரல் பயன்படுத்தும்போது, வாசலில் நிற்கும் சொற்கள் அந்நிரலுக்குரியனவாகவே இருக்கும். அறியாத சொல்லைக் கண்டால் ஆர்க்பார்ஸ் பிழைச் செய்தியொன்றைக் கொடுத்து நிரலையே நிறுத்திவிடும்.

இரண்டாவது வழி, எண்ணும் மொடியூல் தலைமைக் கோப்பையே இம்போர்ட் செய்து அதிலிருந்து எல்லையைப் பெறுவது. இதிலே ஒரு பொறி உண்டு. இயக்கப்படும் தலைமைக் கோப்பு பைதனுக்குத் தன் சொந்தப் பெயரால் அறிமுகமாவதில்லை; மெயின் என்ற சிறப்புப் பெயரிலேயே பதிவாகும். அதனை மற்றொரு மொடியூல் கோப்பின் பெயரால் அழைத்தால், பைதன் அதனைப் புதியதோர் ஆளாகக் கருதி இரண்டாம் முறை ஏற்றிவிடும். ஒரே வீட்டுக்காரர் இருவராகிவிடுவார். மூத்த மாணவர் ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தமையால் இவ்வழியையும் அவன் தவிர்த்தான்.

அவன் தேர்ந்தது மூன்றாவது வழி. கொன்பிக் என்ற பெயரிற் சிறு மொடியூல் ஒன்றை உருவாக்கி, அதில் எல்லை 1.0 என ஒரு வரி எழுதினான். தலைமைக் கோப்பு கட்டளை வரியை வாசித்ததும் கொன்பிக்கில் உள்ள எல்லையை மாற்றி எழுதும். ஏனையவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பைதன் மொழியின் அதிகாரபூர்வமான வினாவிடைத் தொகுப்பும் மொடியூல்களிடையே செய்தியைப் பகிர்வதற்கு இவ்வழியையே காட்டுகின்றது. ஒரு மொடியூல் ஓர் இயக்கத்தில் ஒரே முறைதான் ஏற்றப்படும். பின்னர் எத்தனை பேர் அழைத்தாலும் அதே பொருளே கையளிக்கப்படும். ஆதலின் கொன்பிக், சமையற்கட்டின் சுவரில் தொங்கும் பலகை போன்றது. வீட்டுக்காரர் எழுதுவார், யாவரும் பார்ப்பர்.

நிரல் மூன்று முறை இயங்கியது. மூன்று வரைபடங்கள் கிடைத்தன. முதலாவதன் தலைப்பில் எல்லை 1 என்றும், அடுத்ததில் 2.5 என்றும், மூன்றாவதில் 5 என்றும் பொறிக்கப்பட்டிருந்தன. மூன்றிலும் கோடு மேல்நோக்கியே சென்றது. மகிழ்ச்சியடைந்த மாணவன், வறள்நாட்களின் தொடர் நீண்டு வருகின்றது என்றும், இம்முடிவு தெரிந்தெடுத்த எல்லையிற் தங்கியிருக்கவில்லை என்றும் எழுதினான். அவ்வாக்கியம் பீடத்தின் மாணவர் ஆய்வரங்குக்கு அனுப்பிய சுருக்கத்திலும் இடம்பெற்றது. சுருக்கங்கள் அச்சுக்குப் போயின.

கட்டுரையின் முதல் வரைவை வாசித்த விரிவுரையாளர் அதிகம் பேசாதவர். மூன்று வரைபடங்களையும் மேசையில் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த நாள் எல்லாம் வறள்நாள் எண்டால், வறள்நாள் கூடத்தானே வேணும்?"

"ஓம் சேர்."

"அப்ப நீண்ட தொடர் குறையாது. அப்படியே நிக்கலாம், அல்லது நீளலாம். ஆனால் முப்பது வருசத்தில ஒரு வருசங்கூட ஒரு நாளாவது நீளயில்லை எண்டால், அது மழையின்ர குணமோ, உம்முடைய நிரலின்ர குணமோ?"

மாணவனிடம் விடை இருக்கவில்லை. மூன்று வரைபடங்களும் ஒன்றுபோல் இருந்தன என்பதை அவன் கண்டிருந்தான். ஒன்றேயாக இருந்தன என்பதைக் காணவில்லை. தான் விரும்பிய முடிவு வந்தவிடத்து மனிதன் சோதிப்பதை நிறுத்திவிடுகிறான். நிரலில் பிழை இருந்ததைக் காட்டிலும் இந்த உண்மையே பின்னாளில் அவனை அதிகம் வருத்தியது.

அன்றிரவு ஆய்வுகூடத்திலே, எண்ணும் சார்பின் உள்ளே எல்லையை அச்சிடும்படி ஒரு வரி சேர்த்து, கட்டளை வரியில் 5 கொடுத்து நிரலை இயக்கினான். திரையில் 1.0 என விழுந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு நள்ளிரவாயிற்று. எண்ணும் மொடியூலின் முதல் வரியில், கொன்பிக்கை இம்போர்ட் செய் என்று எழுதாமல், கொன்பிக்கிலிருந்து எல்லையை இம்போர்ட் செய் என்று அவன் எழுதியிருந்தான். இரண்டும் ஒன்றெனவே நினைத்திருந்தான். முன்னது பலகை இருக்குமிடத்தை அறிந்துகொள்வது. தேவைப்படும் ஒவ்வொரு வேளையும் அங்கே சென்று பார்ப்பது. பின்னதோ, அவ்வேளையிற் பலகையில் உள்ள தொகையைத் துண்டில் எழுதி மடியில் முடிந்துகொள்வது. பைதன் மொழியில் அது அக்கணத்து மதிப்பைப் புதியதொரு பெயருக்குச் சூட்டுகின்றதேயன்றிப் பலகையோடு தொடர்பொன்றை ஏற்படுத்துவதில்லை. தலைமைக் கோப்பின் தொடக்கத்திலுள்ள இம்போர்ட் வரிகளே முதலில் நிறைவேறும். கட்டளை வரி அதன் பின்னரே வாசிக்கப்படும். ஆகவே வீட்டுக்காரர் பலகையை மாற்றி எழுதுவதற்கு முன்னரே சமையற்காரர் பழைய தொகையை மடியில் முடிந்துவிட்டார்.

வரைபடத்தின் தலைப்போ தலைமைக் கோப்பிலிருந்து நேரே வந்தது. ஆகவே அது வாசலிற் சொன்ன எண்ணைப் பிழையின்றிக் காட்டியது. கணக்கு ஓர் எல்லையில் நடந்தது. தலைப்பு மற்றோர் எல்லையைச் சொன்னது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, ஏனெனில் பைதன் மொழியின் விதிப்படி அங்கே பிழை எதுவும் நிகழவில்லை.

அவன் அவ்வரியைத் திருத்தினான். நீண்ட தொடரின் வரைபடங்கள் வேறுபட்டன. ஆயினும் மொத்த வறள்நாட்களின் அட்டவணை அசையவில்லை. அதனைக் கணித்த சார்பின் தலைப்பிலே, எல்லை கொடுக்கப்படாவிடிற் கொன்பிக்கில் உள்ள எல்லையைக் கொள்க என அவன் எழுதியிருந்தான். அத்தகைய இயல்புநிலை மதிப்பு, சார்பு அழைக்கப்படும்போதன்றி வரையறுக்கப்படும்போதே ஒருமுறை கணிக்கப்பட்டு நிலைத்துவிடும் என்பதை அவ்விரவின் பிற்பகுதியில் அறிந்தான். மடியில் முடிந்த துண்டு இரண்டாவது இடத்திலும் இருந்தது.

அவையிரண்டையும் திருத்திய நிரலை நண்பன் ஒருவன் வாங்கிச் சென்றான். பல நிலையங்களின் பதிவுகளை ஒரே வேளையிற் கணிக்க விரும்பிய அவன், வேலையைப் பல துணை இயக்கங்களுக்குப் பகிர்ந்தளித்தான். ஆய்வுகூடத்து லினக்ஸ் கணினியிற் சரியாக இயங்கிய அந்நிரல், வீட்டிலிருந்த விண்டோஸ் கணினியில் மறுபடியும் 1.0 என்றே கணித்தது. ஆய்வுகூடக் கணினியில் ஒவ்வொரு துணை இயக்கமும் தாய் இயக்கத்தின் பிரதியாகப் பிறந்தமையால், பலகையில் எழுதியதும் உடன் சென்றது. விண்டோஸில் துணை இயக்கம் புதிதாகத் தொடங்கி மொடியூல்களை மீண்டும் ஏற்றுகின்றது. அங்கே பலகை முதலில் எழுதப்பட்டபடியே தொங்குகின்றது. மக் கணினிகளிலும் 2019 இல் வெளிவந்த பைதன் 3.8 முதல் விண்டோஸின் வழக்கமே இயல்பாயிற்று. லினக்ஸிலும் 2025 இன் பைதன் 3.14, தாயைப் பிரதிசெய்யும் பழைய வழக்கை இயல்புநிலையிலிருந்து நீக்கிவிட்டது. பலகையை நம்பிய நிரல், அது எந்த வீட்டில் இயங்குகின்றது என்பதையும் நம்பியிருந்தது.

இவற்றுக்குப் பின்னரே அம்மாணவன் தொடக்கத்தில் எண்ணியும் பாராத நாலாவது வழிக்கு வந்தான். அது மிக எளியது. கட்டளை வரியைத் தலைமைக் கோப்பு மாத்திரம் ஒருமுறை வாசிக்கும். வாசித்த எல்லையை எண்ணும் சார்பிடம் அதன் அளவுருவாகக் கையிற் கொடுக்கும். எண்ணும் சார்பு பதிவுகளையும் எல்லையையும் பெற்று விடையைத் திருப்பித் தரும். அதற்குக் கட்டளை வரி என ஒன்று இருப்பதே தெரியவேண்டியதில்லை.

இவ்வழிக்கு விலை இல்லையெனக் கூறுதல் நேர்மையாகாது. சார்புகள் ஒன்றையொன்று அழைக்கும் சங்கிலி நீளுமிடத்து, தாம் பயன்படுத்தாத ஒன்றை இடையிலுள்ளவை சுமந்து கடத்த வேண்டியிருக்கும். கொடுக்கவேண்டியவை பலவாயின் அவற்றைத் தொகுத்து, பின்னர் மாற்ற இயலாத ஒரே பொருளாகக் கட்டிக் கையளிக்கலாம். 2018 இல் வெளியான பைதன் 3.7 முதல் அதற்குரிய வசதி மொழியிலேயே உண்டு. எனினும் எழுதவேண்டியது சற்று அதிகமே. அம்மாணவனும் முதலில் இதனைத் தவிர்த்தது அச்சோம்பலாலேயே.

ஆனால் அவ்விலைக்கு ஈடாகக் கிடைப்பது பெரிது. ஒரு சார்பு எதனைச் சார்ந்து விடை தருகின்றது என்பது அதன் தலைப்பிலேயே தெரிகின்றது. மூன்று எல்லைகளையும் ஒரே இயக்கத்தில் அடுத்தடுத்துக் கொடுத்து விடைகளை ஒப்பிடலாம். பத்து நாட்களின் கற்பனைப் பதிவொன்றைக் கொடுத்து, விரல்விட்டு எண்ணிய விடையோடு பொருத்திப் பார்க்கலாம். அச்சோதனையை முதலிலேயே செய்திருந்தாற் பிழை அரைமணி நேரத்தில் வெளிப்பட்டிருக்கும்.

இச்சிந்தனை புதியதன்று. நிரலை எவ்வாறு மொடியூல்களாகப் பிரிப்பது என்பதை டேவிட் பார்னஸ் 1972 இல் எழுதிய கட்டுரையொன்று ஆராய்ந்தது; மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒரு மொடியூலுள் மறைத்துவைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டில் வில்லியம் வுல்ஃபும் மேரி ஷோவும், எங்கிருந்தும் மாற்றக்கூடிய பொதுமாறிகள் தீங்கானவை என வாதிட்டனர். அக்கட்டுரைகள் எழுந்தபோது பைதன் இல்லை. மொழிகள் மாறிய பின்னரும் அவை கூறிய இடர் மாறவில்லை.

எனின் பலகைக்கு இடமே இல்லையா? உண்டு. நிரல் இயங்கும்போது எவ்வளவு செய்தியைத் திரையிற் காட்டவேண்டும் என்பது போன்றவற்றைப் பலகையில் எழுதி வைப்பதால் ஆய்வுக்கு ஊறில்லை. அங்கே தவறு நேர்ந்தால் திரையிற் சில வரிகள் கூடும் அல்லது குறையும். விடையை மாற்றக்கூடிய சொல்லோ கைக்குக் கை செல்லவேண்டும். இவ்வேறுபாட்டை அவனுக்குக் காட்டித்தந்தது எந்தப் பாடநூலுமன்று. மேசையில் அருகருகே கிடந்த மூன்று வரைபடங்களே.

புதிய கணிப்பின் முடிவு அவன் விரும்பியதாக இருக்கவில்லை. 1 மில்லிமீற்றர் எல்லையில் தொடர் நீண்டு வருவது தெரிந்தது. 2.5 இல் அப்போக்கு மெலிந்தது. 5 இல் அது ஆண்டுக்காண்டு நிகழும் ஏற்ற இறக்கத்தினின்றும் பிரித்தறிய இயலாததாயிற்று. முடிவு எல்லையிற் தங்கியிருக்கவில்லை என்று அச்சிற் போன வாக்கியம் பொய்யாயிற்று.

ஆய்வரங்குக்கு நாலு நாட்களே இருந்தன. சுருக்கங்களின் தொகுப்பை எத்தனை பேர் வாசிப்பர், அவ்வொரு வாக்கியத்தை எவர் நினைவில் வைத்திருப்பர் என்றும் அவன் எண்ணாமல் இல்லை. விரிவுரையாளரிடம் சென்று, பேசும்போது திருத்திச் சொன்னாற் போதுமா எனக் கேட்டான்.

"பேச்சைக் கேட்டவைக்குப் போதும். புத்தகத்தை வாசிக்கிறவைக்கு?" என்றார் அவர். பின்னர், கடிதத்தை அவனே எழுதவேண்டும் என்றும், தாம் ஒப்பமிட்டு அனுப்புவதாகவும் கூறினார்.

கடிதம் ஒரு பக்கமே. எந்த வாக்கியம் பிழை, ஏன் பிழை, சரியான முடிவு யாது என்பன மாத்திரம் அதில் இருந்தன. திருத்தம் தனித்தாளில் அச்சிடப்பட்டுத் தொகுப்பினுள் வைக்கப்பட்டது. அரங்கில் அவன் தன் நேரத்திற் பாதியை முடிவுக்கும் பாதியைப் பிழைக்கும் செலவிட்டான். பேச்சு முடிந்ததும் வேறு துறை மாணவர் இருவர் வந்து, தமது நிரலிலும் அத்தகைய இம்போர்ட் வரி உண்டென்றும், தமது விடைகளையும் மறுபடி பார்க்கவேண்டுமென்றும் கூறிச் சென்றனர்.

அவன் எழுதிய நிரல் இப்பொழுது அத்துறையின் இளைய மாணவரின் கைக்கு மாறியிருக்கின்றது. கட்டளை வரியை வாசிக்கும் இடம் அதில் ஒன்றேதான். வரைபடத்தின் தலைப்பில் அச்சாகும் எல்லை தலைமைக் கோப்பிலிருந்து வருவதில்லை. எண்ணும் சார்பு விடையோடு சேர்த்துத் திருப்பித் தரும் எல்லையே அங்கே அச்சாகின்றது. வீட்டுக்காரர் வாசலிற் சொன்னதை அன்று, சமையற்காரர் உலையிற் போட்டதையே அத்தலைப்பு சொல்கின்றது.